இயற்கைச் சீற்றங்களும் பூகோள வகுப்பும்: கொல்கத்தா நகரம் தரும் பாடம்

பூகோளப் பாடங்களுள் மாணாக்கரின் மனத்தை எளிதிற் கவர்வது இயற்கைச் சீற்றங்களைப் பற்றிய பாடமாகும். புயல், வெள்ளம், பூகம்பம், கடற்கோள் என்னும் சொற்களைக் கேட்ட மாத்திரத்தில் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து உட்காருகின்றது. ஆயினும், பாடம் முடிந்த பின்னர் மாணாக்கரிடம் எஞ்சி நிற்பது யாது என்று நோக்கினால், சில வரையறைகளும், சில ஆண்டுகளும், சுவரில் மாட்டிய ஒரு படமுமே என்று சொல்லவேண்டியிருக்கிறது.

இக்குறையைப் போக்கும் பொருட்டே குழு வேலை என்னும் முறை பள்ளிகளிற் புகுத்தப்பட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2003-ஆம் ஆண்டில் எட்டாம் வகுப்பிலிருந்து தொடங்கி, பேரிடர் மேலாண்மையைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. ஆனால் நடைமுறையில் குழு வேலை என்பது பல இடங்களில் ஒரு மாணவன் படம் வரைய, மற்ற ஐவர் அதன் அடியில் தம் பெயரை எழுதுவதாகவே முடிகின்றது. எரிமலையே இல்லாத ஊரில் எரிமலை மாதிரி செய்யப்படுகிறது. ஆண்டுதோறும் தெருவில் முழங்காலளவு நிற்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் எழுதப்படுவதில்லை.

குழுவாகச் செய்யும் வேலை, பாடத்தை இனிமையாக்குவதற்கென்று வெளியிலிருந்து கொணர்ந்து ஒட்டிய அலங்காரம் அன்று. இயற்கைச் சீற்றங்களைப் பற்றிய அறிவே அம்முறையினாற்றான் உண்டாயிற்று. புயலின் முழு உருவத்தைத் தான் நின்ற இடத்திலிருந்து கண்ட மனிதன் ஒருவனும் இலன். பலர் பல இடங்களிற் கண்டவற்றை ஒரு படத்தில் ஒன்றுசேர்த்த போதே அதன் வடிவம் புலனாயிற்று. இவ்வுண்மை தெளிவாக விளங்கிய இடங்களுள் ஒன்று கொல்கத்தா நகரமாகும்.

கொம்புத் தகடும் கப்பற் குறிப்பேடுகளும்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அன்றைய கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர் வாழ்ந்து வந்தார். மாலுமியாக இருந்து பின்னர் கரையில் தங்கிய இவர், கப்பல் விபத்துக்களை விசாரிக்கும் கடல் விசாரணை மன்றத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1839 முதல் வங்காள விரிகுடாவிலும் அதனையடுத்த கடல்களிலும் வீசிய புயல்களைப் பற்றி வரிசையாக ஆராய்ந்து, ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் கட்டுரைகளை வெளியிட்டார்.

அவர் கையாண்ட முறை மிக எளிது. ஒரே புயலில் அகப்பட்ட பல கப்பல்களின் குறிப்பேடுகளை வரவழைப்பார். ஒவ்வொரு கப்பலும் எந்த நேரத்தில் எவ்விடத்தில் இருந்தது, காற்று எத்திசையிலிருந்து வீசிற்று, பாரமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றைக் கடற்படத்திற் குறிப்பார். தனித்தனியே நோக்கினால் ஒரு கப்பலின் குறிப்பு மற்றொன்றோடு முரண்படும். ஒன்றில் காற்று வடக்கிலிருந்து வீசியதாகவும், மற்றொன்றில் அதே வேளையில் தெற்கிலிருந்து வீசியதாகவும் இருக்கும். படத்திற் குறித்த பின்னரோ, இரண்டும் ஒரே சுழற்சியின் இரு பக்கங்கள் என்பது விளங்கும். இச்சுழலும் புயலுக்கு, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்னும் பெயரை அவரே அமைத்தார். 1848-இல் அவர் மாலுமிகளுக்காக வெளியிட்ட கைந்நூலுடன், வட்டங்களும் காற்றின் திசை காட்டும் அம்புக்குறிகளும் பொறித்த ஒளிபுகும் கொம்புத் தகடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன. தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, தன் கப்பலில் வீசும் காற்றின் திசைக்கு ஏற்ப நகர்த்தினால், புயலின் மையம் எப்பக்கம் உள்ளது என்பதை மாலுமி அறிந்துகொள்ளலாம்.

பூகம்பத்திலும் இதே முறை பயன்பட்டது. 1897 ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமில் தோன்றிய பெரும் பூகம்பம் கல்கத்தாவிலும் கட்டடங்களைச் சேதப்படுத்திற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆர். டி. ஓல்டாம், பல ஊர்களிலிருந்து வந்த செய்திகளைத் திரட்டி, ஒரே அளவு அதிர்ச்சி உணரப்பட்ட இடங்களைக் கோடுகளால் இணைத்துப் படம் வரைந்தார். அஞ்சல் ஊழியர், ரயில்வே ஊழியர், ஆசிரியர் போன்றோர் தாம் கண்டதை எழுதியனுப்பினாலன்றி இத்தகைய படம் உருவாதல் இயலாது.

முதல் வேலை: புயலின் மையத்தைக் காணுதல்

பிடிங்டனின் தகட்டை எந்தப் பள்ளியிலும் செலவின்றிச் செய்யலாம். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றில், ஒரே மையமுள்ள நான்கைந்து வட்டங்களை வரைந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அம்புக்குறிகள் இடவேண்டும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று இவ்வாறே சுழல்கின்றது.

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, மூன்று குழுக்களுக்கு ஓர் ஊரின் செய்தியை மட்டும் தனித்தனியே கொடுக்கலாம். சான்றாக, சாகர் தீவில் கிழக்குக் காற்று, ஒடிசாவின் பாலசோரில் வடகிழக்குக் காற்று, வங்காள தேசத்தின் கேப்புப்பாராவில் தென்கிழக்குக் காற்று என்று செய்திகள் அமையட்டும். ஒவ்வொரு குழுவும் ஓர் எளிய விதியைக் கையாளவேண்டும்: காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடக்கையை நீட்டினால், புயலின் மையம் ஏறக்குறைய அக்கை காட்டும் பக்கத்தில் இருக்கும். காற்று மையத்தை நோக்கிச் சற்று உட்சாய்ந்து வீசுவதால், மையம் கைக்குச் சிறிது முன்புறமாகவே அமையும். ஒரு குழு வரையும் கோட்டினால் திசை மட்டுமே கிடைக்கிறது; இடம் கிடைப்பதில்லை. மூன்று கோடுகளையும் நான்காம் குழுவினர் ஒரே படத்தில் வரைந்த பின்னர், அவை சாகர் தீவுக்குத் தெற்கே கடலில் ஒன்றையொன்று நெருங்குவதைக் காண்பர். கோடுகள் ஒரே புள்ளியிற் சந்திக்காமல் ஒரு சிறு முக்கோணத்தை உண்டாக்கினால், அதனை அழித்துத் திருத்துதல் கூடாது. அளவையில் எவ்வளவு பிழை நேரக்கூடும் என்பதை அம்முக்கோணமே கற்பிக்கின்றது.

இதனைத் தொடர்ந்து மற்றொரு வினாவை எழுப்பலாம். 2021 மே 26-ஆம் தேதி ‘யாஸ்’ புயல் கரையைக் கடந்த இடம் ஒடிசாவில் பாலசோருக்குத் தெற்கே ஆகும். அங்ஙனமிருக்க, கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள சுந்தரவனத்தில் கரைகள் உடைந்து உப்பு நீர் வயல்களிற் புகுந்தது ஏன்? தகட்டை வடக்கு நோக்கி நகர்த்தும் மாணாக்கர் விடையைத் தாமே காண்பர். புயல் செல்லும் பாதைக்கு வலப்புறத்தில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசி நீரைத் தள்ளுகின்றது. அன்று பௌர்ணமியாதலால் கடலின் ஏற்றமும் மிகுந்திருந்தது. புயல் வேறு மாநிலத்திற்கே செல்கின்றது என்று கேட்டு ஆறுதல் அடைவது எவ்வளவு தவறு என்பது இவ்விளக்கத்தால் புலனாகும்.

இரண்டாவது வேலை: தண்ணீர் நின்ற தடங்கள்

கொல்கத்தா நகரம் ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது. ஆறு தன் வண்டலைக் கரையிலேயே படியவிட்டு வந்தமையால், ஆற்றோரம் மேடாகவும், கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்தும் இருக்கின்றது. மழை நீர் ஆற்றை நோக்கிப் பாயும் என்றே பிள்ளைகள் எண்ணுவர். உண்மையில் நகரின் இயற்கைச் சரிவு ஆற்றுக்கு எதிர்ப்புறமாக, கிழக்கிலுள்ள சதுப்பு நிலங்களை நோக்கியதாகும். சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்நிலம் 2002-இல் ராம்சர் உடன்படிக்கையின்படி பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நகரின் கழிவு நீர் அங்குள்ள மீன் பண்ணைகளில் தங்கித் தூய்மையடைகின்றது. ஆற்றில் கடலேற்றம் உள்ள வேளையில், ஆற்று நீர் நகருட் புகாவண்ணம் மதகுகளை மூடவேண்டியிருக்கின்றது. அவ்வேளையில் பெருமழை பெய்யின், நீர் வெளியேற வழியின்றித் தெருக்களில் தேங்குகின்றது.

2025 செப்டம்பர் 22-க்கும் 23-க்கும் இடைப்பட்ட இரவில் நகரில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை பெய்தது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிரிழந்தனர். இத்தகைய மழையின் அளவை மாணாக்கர் உணரும்படி செய்ய ஒரு கணக்கே போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். எனவே, 200 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிக் கூரையின்மேல் அன்று விழுந்த நீர் 50,000 லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பேட்டையில் விழுந்தது 25 கோடி லிட்டர். இவ்வளவு நீரும் எங்கே செல்லவேண்டும் என்னும் வினா அதன்பின் தானே எழுகின்றது.

குழு வேலை இவ்வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தெருவை ஒதுக்கி, வெயிற்காலத்தில், மண் உலர்ந்திருக்கும் போது அனுப்பவேண்டும். சுவர்களில் நீர் நின்ற கறையின் உயரத்தை அளந்து குறித்தல், எந்த ஆண்டில் எந்தப் படி வரையில் நீர் வந்தது என்று கடைக்காரரையும் முதியோரையும் கேட்டெழுதுதல், வடிகால் வாய்களில் எவை அடைபட்டுள்ளன என்று பார்த்தல், தெருவிளக்குக் கம்பங்களும் மின்பெட்டிகளும் நீர்மட்டத்திற்கு மேல் உள்ளனவா என்று நோக்குதல் ஆகியவை அக்குழுவின் கடமைகள். நிலத்தின் மேடு பள்ளத்தை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய் போதுமானது. அதன் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்குமாதலால், இரு இடங்களின் உயர வேறுபாட்டை அளவுகோலால் எளிதில் அறியலாம்.

எல்லாத் தெருக்களின் குறிப்புகளையும் ஒரே படத்தில் சேர்த்து, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால், பாடப் புத்தகத்தில் விளங்காத சமவுயரக் கோடு என்னும் கருத்து அன்று தெளிவாகும். நீர் நிற்கும் நாளில் பள்ளிக்கு வருவதற்கு ஆபத்தில்லாத வழி எது, மின்கம்பத்தின் அருகே செல்லாமல் ஒதுங்க வேண்டிய இடம் எது என்பனவும் அப்படத்திலேயே தெரியவரும். சுவரில் மாட்டி அழகு பார்க்கும் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

மூன்றாவது வேலை: பழைய செய்திகளைச் சோதித்தல்

1737 அக்டோபர் மாதத்தில் கல்கத்தாவில் பூகம்பமும் புயலும் ஒருங்கே நேர்ந்து 3,00,000 பேர் மாண்டனர் என்னும் செய்தி நெடுங்காலம் உலகப் பூகம்பப் பட்டியல்களில் இடம்பெற்றிருந்தது. பிற்கால ஆராய்ச்சியாளர் அக்காலத்துக் கம்பெனிக் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, அன்று நேர்ந்தது புயலும் அதனோடு வந்த கடற்பெருக்குமே என்று கண்டனர். அன்றைய நகரின் ஜனத்தொகையே அவ்வளவு இருந்திராது என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. அச்சில் வந்த எண் என்பதற்காகவே ஒன்றை நம்புதல் ஆகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கணக்கின் வலிமையை விளக்கும் மற்றொரு நிகழ்ச்சி 1922-இல் நேர்ந்தது. அவ்வாண்டில் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் தாக்கிற்று. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் அவர்களின் தலைமையில் கல்கத்தாவின் மாணவர்களும் தொண்டர்களும் நிவாரண வேலையில் ஈடுபட்டனர். அவ்வேளையில் அலிப்பூர் வானிலை ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பிரசாந்த சந்திர மஹலநோபிஸ், சுமார் ஐம்பது ஆண்டுகளின் மழை, வெள்ளக் குறிப்புகளை ஆராய்ந்து 1927-இல் அறிக்கை அளித்தார். நீரைத் தேக்கி நிறுத்தப் பெருஞ்செலவில் தேக்கங்கள் அமைக்கவேண்டும் என்று எண்ணப்பட்டிருந்தது. அவற்றால் பயனில்லை என்றும், நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்றும் அவருடைய கணக்கு காட்டிற்று. கருணையும் கணக்கும் ஒன்றற்கொன்று துணையாக நிற்கவேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இம்முறையில் மாணாக்கர் தம் ஊரின் ஒரு பழைய வெள்ளத்தையோ புயலையோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழு முதியோரிடம் கேட்டெழுதட்டும். மற்றொன்று பழைய செய்தித்தாள்களைப் பார்க்கட்டும். இன்னொன்று மழை அளவுப் பதிவுகளைப் பெறட்டும். மூன்றும் ஒத்துவரும் இடத்தையும் முரண்படும் இடத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுதவேண்டும். முரண்பாட்டை மறைக்காமல் எழுதிய குழுவுக்கே அதிக மதிப்பெண் அளித்தல் தகும்.

நான்காவது வேலை: எச்சரிக்கை சென்று சேரும் வழி

ஹூக்ளி ஆறு மணலால் தூர்ந்துவிடும் என்னும் அச்சத்தால், மாதலா ஆற்றங்கரையில் கானிங் என்னும் புதிய துறைமுகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. புயல் அலையினால் அது ஒருநாள் அழிவுறும் என்று பிடிங்டன் 1853-இலேயே கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்கு எழுதி எச்சரித்தார். துறைமுகம் கட்டப்பட்டது. 1867 நவம்பரில் புயல் அலை அதனைச் சிதைத்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அது கைவிடப்பட்டது. அறிவு இருந்தும் அது செயலாக மாறவில்லை என்றால் நேர்வது இதுவே.

இதற்கிடையில், 1864 அக்டோபர் 5-ஆம் தேதி வீசிய புயல் ஹூக்ளி ஆற்றின் வழியே கடலை உள்ளே புகுத்திற்று. சுமார் 50,000 பேர் உயிரிழந்தனர். அதன் விளைவாகவே 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கிற்று. 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. 2020 மே 20-ஆம் தேதி ‘அம்பன்’ புயல் மணிக்கு 155 முதல் 165 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு வங்கக் கரையைக் கடந்த போது, பல நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை விடுக்கப்பட்டு, பல லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். பெருஞ்சேதம் நேர்ந்தும், அந்த மாநிலத்தில் உயிரிழந்தோர் ஏறத்தாழ நூற்றுவர். இரண்டு எண்களுக்கும் இடையேயுள்ள தூரமே எச்சரிக்கையின் பயன்.

ஆயினும் எச்சரிக்கை வானிலை நிலையத்திலிருந்து புறப்பட்டால் மட்டும் போதாது. கடைசி வீட்டை அடையவேண்டும். அச்செய்தி ஊருக்கு வரும் வழியை மாணாக்கர் படமாக வரையலாம். செய்தி முதலில் யாருக்கு வருகின்றது, எந்த மொழியில் வருகின்றது, மின்சாரமும் தொலைபேசியும் நின்றால் எவ்வாறு பரவும், செவிகேளாத முதியவருக்கு யார் சொல்வார், ஆடு மாடுகளை விட்டு வர மனமில்லாதவருக்கு என்ன ஏற்பாடு என்பன வினாக்களாக அமையட்டும். அம்பன் புயலுக்குப் பின்னர் கொல்கத்தாவின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதிருந்ததை நினைவுகூர்ந்தால், தொலைபேசியை மட்டும் நம்பிய படம் குறையுடையது என்பது தெளிவாகும்.

இத்தகைய பயிற்சியின் பயனை ஜப்பான் நாட்டுக் காமைஷி நகரம் உலகுக்குக் காட்டிற்று. அங்குள்ள பள்ளிகளில் பிள்ளைகள் தாங்கள் நடந்து செல்லும் வழிகளைப் பார்வையிட்டுத் தாமே அபாயப் படம் வரையும் பழக்கம் இருந்தது. 2011 மார்ச் 11-ஆம் தேதி பூகம்பம் நேர்ந்தவுடன் நடுநிலைப் பள்ளி மாணாக்கர் மேட்டை நோக்கி ஓட, அருகிலிருந்த தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். முதலில் கூடிய இடம் போதிய உயரமன்று என்று கண்டு மேலும் உயரமான இடத்துக்குச் சென்றனர். நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டும், ஏறத்தாழ 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் உயிர்தப்பினர்.

குழுக்களை அமைக்கும் முறை

ஒரு குழுவில் ஐவர் அல்லது அறுவர் இருத்தல் போதும். அளப்பவர், எழுதுபவர், கேட்டறிபவர், படம் வரைபவர், சரிபார்ப்பவர் என்று கடமைகளைப் பகிர்ந்து, வாரந்தோறும் மாற்றிவரவேண்டும். அழகாக வரையும் பிள்ளையே எப்போதும் வரைந்துகொண்டிருந்தால் மற்றவர் கற்பது குறையும். ஒவ்வொரு குழுவின் வேலையும் அடுத்த குழுவுக்குத் தேவைப்படும்படி அமைத்தல் மிக முக்கியம். ஒரு தெருவின் அளவு வராவிட்டால் படம் முற்றுப்பெறாது என்று அறிந்த குழு தன் பொறுப்பைத் தானே உணரும்.

ஆசிரியர் சில எச்சரிக்கைகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். வெள்ளம் நிற்கும் போதோ புயல் அறிவிப்பு உள்ள நாளிலோ பிள்ளைகளை அளவெடுக்க அனுப்புதல் கூடாது. வீட்டையோ உற்றாரையோ இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். அப்பிள்ளையைக் கதை சொல்லும்படி வற்புறுத்தலாகாது. தானே சொல்ல முன்வந்தால் அமைதியாகக் கேட்கவேண்டும். முடிந்த படத்தின் ஒரு பிரதியைப் பஞ்சாயத்து அல்லது வட்ட அலுவலகத்தில் சேர்ப்பித்து, ஒவ்வோர் ஆண்டும் அடுத்த வகுப்பினர் அதனைத் திருத்திப் புதுப்பிக்கும் ஏற்பாடு நிலைபெறுவது நலம்.

தமிழ்நாட்டுக்கு ஏற்றவாறு

இந்த நான்கு வேலைகளும் தமிழ்நாட்டுக்குச் சிறு மாற்றங்களுடன் பொருந்தும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நேர்ந்த ஆழிப்பேரலை, 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளம், 2018 நவம்பரில் வேதாரண்யப் பகுதியைத் தாக்கிய ‘கஜா’ புயல் ஆகியவற்றை நேரிற் கண்டோர் பல ஊர்களில் உள்ளனர். தமிழகக் கரைக்கு வரும் புயல்கள் பெரும்பாலும் மேற்கு நோக்கி நகர்வதால், பாதைக்கு வலப்புறம் என்பது இங்கு வடபுறமாகும். கடல் கரையேறும் அபாயம் அப்பக்கத்திலேயே மிகுதி. சென்னையிலுள்ள பள்ளிகள் கிழக்குக் கொல்கத்தாவின் ஈரநிலத்தோடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீலகிரியிலுள்ள பள்ளிகளில் தண்ணீர்த் தடத்துக்குப் பதிலாக மண் சரிந்த இடங்களையும், அன்று பெய்த மழையின் அளவையும் குறிக்கலாம்.

புயலில் அகப்பட்ட ஒரு கப்பலின் தலைவர் தம் குறிப்பேட்டில் எழுதியது இரண்டு மூன்று வரிகளே. அவற்றால் அவருக்கு அப்போது எப்பயனும் இல்லை. அவ்வரிகள் மற்றவர் வரிகளோடு சேர்ந்த பின்னர் பிற்காலத்து மாலுமிகள் பலரின் உயிரைக் காத்தன. ஒரு தெருவில் நீர் நின்ற உயரத்தை அளந்து எழுதும் பிள்ளையின் வேலையும் அத்தகையதே. அதனைச் செவ்வையாகச் செய்யக் கற்பித்தல் பூகோள ஆசிரியரின் கடமையாகும்.